தம்பி பெயரில் கஜா புயல் கேஸ்: ரெக்கார்டை அழிக்க 75,000 கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

தோப்புவீட்டு அக்கா | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டை பக்கம், கடைமடைக் கிராமம் எங்களுடையது. 2018 நவம்பர் 16 கஜா அடித்து பத்து நாளாகியும் கரண்ட் இல்லை, குடிதண்ணீர் இல்லை. ஊரே போய் ரோட்டில் உட்கார்ந்தது. மரத்தைப் போட்டு மறித்தார்கள். மரத்துக்கா பஞ்சம், விழுந்து கிடந்ததெல்லாம் மரம்தானே. போலீஸ் வந்து 23 பேர் பெயரை எழுதிக்கொண்டு, ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை வைத்திருந்து விட்டுவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டம் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 341 (வழி மறித்தல்), 188 (அதிகாரி உத்தரவை மீறியது) என்று எஃப்.ஐ.ஆர். அதில் 17-வது பெயர் என் தம்பி.

அதற்கப்புறம் சம்மன் இல்லை, வாய்தா இல்லை. நாங்கள் மறந்தே போனோம். தம்பிக்கு இப்போது 24. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். கத்தாரில் வேலை கிடைத்து, கம்பெனி பி.சி.சி. (வழக்கு ஏதும் இல்லை என்கிற போலீஸ் சான்று) கேட்கிறது. பாஸ்போர்ட் ஆபீஸில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தான். ஸ்டேஷனிலிருந்து ‘வழக்கு நிலுவை’ என்று ரிப்போர்ட் போய்விட்டது.

இப்போது தெரிந்தவர் ஒருவர் வந்து, 75,000 கொடுத்தால் கம்ப்யூட்டரிலிருந்தே பெயரை எடுத்துத் தருகிறேன் என்கிறார். முதலில் பாதி, வேலை முடிந்ததும் பாதி. தென்னை போன பிறகு அப்பா கையில் ரொக்கம் ஏது, அம்மா வளையலை அடகு வைக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. 75 என்பது நியாயமான ரேட்தானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வராண்டா குமாஸ்தா | வெள்ளி, இரவு 10.15

அக்கா, வளையல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

வக்கீல் ஆபீஸில் 22 வருஷமாகக் கட்டு தூக்குகிறவன் நான். எஃப்.ஐ.ஆர். போட்டவுடன் ஒரு பிரதி கோர்ட்டுக்குப் போய்விடும். போலீஸ் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். ஸ்டேஷனில் ஒரு தாளைக் கிழித்தாலும் மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். ‘எடுத்துத் தருகிறேன்’ என்பவர் எதையும் எடுக்கப் போவதில்லை. உங்கள் பணத்தைத் தவிர.

முதலில் கேஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் என்கிற கோர்ட் வழக்குத் தளத்தில் மாவட்டம், கோர்ட் தேர்ந்தெடுத்து எஃப்.ஐ.ஆர். நம்பர், ஆண்டு போட்டுத் தேடலாம். செலவு சுழியம். சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று கோர்ட் வழக்கு நம்பர் வந்தால் சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) போயிருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் ஸ்டேஷனோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கோர்ட் காப்பி செக்‌ஷனிலும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, தம்பி எங்காவது கையெழுத்துப் போட்டு ஃபைன் கட்டினானா? இதுதான் முக்கியமான கேள்வி.

கொள்ளிடக்கரை | வெள்ளி, இரவு 11.02

குமாஸ்தா அண்ணன் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியில்தான் நான் செத்தேன்.

2016-ல் வீட்டுச் சுவர் பூச ஒரு மாட்டுவண்டி மணல் அள்ளினேன். பிடித்துவிட்டார்கள். 379 (திருட்டு), கூடவே கனிமச் சட்டம். கோர்ட்டில் பக்கத்தில் நின்ற ஒருவர், ‘ஒத்துக்கோ, ஃபைனைக் கட்டு, மாட்டை ஓட்டிக்கிட்டுப் போ’ என்றார். ஐந்து நிமிஷ வேலை. 1,500 ரூபாய். அன்றைக்கு எனக்கு அது லாபமாகத்தான் பட்டது. மாடு பட்டினி கிடந்ததே, அதுதான் கவலை.

2021-ல் சிங்கப்பூர் போக பி.சி.சி. போட்டால் திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவன் என்று வந்து நிற்கிறது. ஃபைன் என்றால் தண்டனை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பீல் போகலாம் என்றால், நானே ஒப்புக்கொண்ட வழக்கு என்பதால் தண்டனையின் அளவைப் பற்றித்தான் பேச முடியுமாம், குற்றவாளி என்ற தீர்ப்பைத் தொட முடியாதாம். இப்போது ஹைகோர்ட் மதுரைக் கிளையில் மனு நிற்கிறது. இதுவரை வக்கீல், பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 62,000. இன்னும் முடியவில்லை.

இதில் ஒரு கூத்து. நான் பிடிபட்டது ஆற்றின் தென்கரை, தஞ்சாவூர் மாவட்டம், அதனால் மதுரை. அதே மணலை வடகரையில் அள்ளியிருந்தால் அரியலூர் மாவட்டம், சென்னைக்குப் போக வேண்டும்.

பேராவூரணி டு பிலடெல்பியா | சனி, காலை 6.20

அக்கா, நானும் உங்கள் பக்கத்து ஊர்க்காரன்தான். இங்கே ‘எக்ஸ்பஞ்ச்’ என்று ஒரு மனு இருக்கிறது. கட்டணம் கட்டினால் கோர்ட்டே ரெக்கார்டை அழிக்கவோ மூடவோ உத்தரவு போடும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். பென்சில்வேனியாவில் 2018-ல் ‘க்ளீன் ஸ்லேட்’ என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய சின்ன வழக்குகளை யாரும் மனுப் போடாமலே பொதுமக்கள் பார்வையிலிருந்து மூடிவிடுவார்கள். நம் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கும், விசாரியுங்கள்.

கருப்புக்கோட்டு | சனி, காலை 8.45

கும்பகோணத்தில் வக்கீல். சனிக்கிழமை என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிலடெல்பியா தம்பி சொல்வது மாதிரி, பெரியவர்களுடைய பழைய வழக்கைக் காலம் போனதும் அழித்துத் தருகிற பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. (அங்கேயும் குடியுரிமை மனுப் போடும்போது அழித்த வழக்கையும் சொல்லியாக வேண்டும் என்பதை அவர் விட்டுவிட்டார்.) நம்மிடம் இருப்பது வேறு வேறு கதவுகள். எந்தக் கதவு என்பதை வைத்துத்தான் செலவு. அதனால்தான் ‘எவ்வளவு ஆகும்’ என்ற கேள்விக்கு யாராலும் ஒரே பதில் சொல்ல முடியாது. சொல்கிறவர் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எஃப்.ஐ.ஆரையோ சார்ஜ் ஷீட்டையோ ரத்து செய்ய ஹைகோர்ட்டுக்குப் போவதைத்தான் ‘க்வாஷ்’ என்கிறோம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு மனு, 2024 ஜூலை 1-லிருந்து புதிய சட்டத்தில் 528. டெல்டாவில் தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்கள் மதுரைக் கிளைக்கு. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. மன்னார்குடிக்காரர் சென்னைக்குப் போகணும், பக்கத்து ஒரத்தநாட்டுக்காரர் மதுரைக்குப் போகணும். கோர்ட் கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வக்காலத்து ஸ்டாம்பு, டைப்பிங், சான்றிட்ட நகல் எல்லாம் சில ஆயிரத்துக்குள் அடங்கும். மீதி முழுவதும் வக்கீல் ஃபீஸ். அது ஆளைப் பொறுத்தது. இந்த மாதிரி மறியல் கேஸுக்கு 15,000-க்கும் செய்கிறார்கள், 60,000-க்கும் செய்கிறார்கள்.

ஆனால் அக்கா, உங்கள் கேஸ் அதுவரை போகுமா என்பதே எனக்குச் சந்தேகம். 188 என்பது அரசு ஊழியரின் உத்தரவை மீறியது. அதில் சம்பந்தப்பட்ட அதிகாரியே கோர்ட்டில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று மதுரைக் கிளை 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. உங்கள் ஊர் கேஸ் அதற்கு இரண்டு மாதம் கழித்து. 143-க்கு அதிகபட்சம் ஆறு மாதம், 341-க்கு ஒரு மாதம். ஒரு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குச் சம்பவத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் சார்ஜ் ஷீட் போயிருக்க வேண்டும். 2019 நவம்பரோடு அந்தக் கெடு முடிந்தது. தாமதத்தைக் கோர்ட் மன்னிக்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் ஏழு வருஷத்துக்குக் காரணம் சொல்லி எந்த ஸ்டேஷன் வந்து நிற்கும்?

கொள்ளிடக்கரைக்கு ஒரு வார்த்தை. 1958 நன்னடத்தைச் சட்டம் மூன்றாம் பிரிவில் 379 பெயர் சொல்லியே இருக்கிறது. முதல் தடவை என்றால் எச்சரித்து விடலாம். 12-ஆம் பிரிவின்படி அப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை. அன்றைக்கு யாராவது அந்த ஒரு மனுவைக் கொடுத்திருந்தால்... இப்போது சொல்வது புண்ணில் மிளகாய் தடவுகிற மாதிரிதான். உங்கள் மதுரை வக்கீலிடம் இதைப் பற்றி ஒரு தடவை கேளுங்கள்.

கொள்ளிடக்கரை | சனி, காலை 9.10

மிளகாய்தான். பரவாயில்லை சார், குறித்துக்கொண்டேன்.

கதிராமங்கலத்தான் | சனி, மதியம் 1.30

மறியல் கேஸ் என்றதும் எழுதத் தோன்றியது. 2017 ஜூன் 30 எங்கள் ஊரில் எண்ணெய்க் குழாய் உடைந்து, மக்கள் போராடியது எல்லோருக்கும் தெரியும். அதையொட்டி வந்த ஒரு வழக்கில் என் பெயரும் இருந்தது. 2021-ல் மீத்தேன், கூடங்குளம், எட்டு வழிச்சாலை, குடியுரிமைச் சட்டம், வேளாண் சட்டங்கள் என்று அறவழிப் போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அரசு அறிவித்தது. ஊரில் வெடி போட்டோம். ஒரு வருஷம் கழித்து வங்கி வேலைக்கு வெரிஃபிகேஷன் வந்தால் கேஸ் உயிரோடு இருக்கிறது!

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அறிவிப்பு வந்தால் வழக்கு தானாகப் போகாது. அரசு வக்கீல் அந்த அந்தக் கோர்ட்டில் மனுப் போட வேண்டும், நீதிபதி சம்மதிக்க வேண்டும். எங்கள் கோப்பு எங்கோ ஒரு அலமாரியில் இருந்தது. நாலு பேர் சேர்ந்து மாறி மாறிப் போய்க் கேட்டு, கடைசியில் முடிந்தது. மொத்தச் செலவு பஸ் கட்டணமும் டீயும்தான், 1,800 வந்திருக்கும். ஆனால் போன நாள்களுக்குக் கூலி கணக்குப் போட்டால் அழுகை வரும்.

தோப்புவீட்டு அக்கா, அந்தப் பட்டியலில் உங்கள் கேஸ் வருமா என்று பார்த்தீர்களா?

வராண்டா குமாஸ்தா | சனி, மதியம் 2.05

கதிராமங்கலத்தாரே, உத்தரவு வந்ததும் நகல் வாங்கினீர்களா?

கதிராமங்கலத்தான் | சனி, மதியம் 2.20

வாங்கி, ஸ்டேஷனில் ஒன்று, எஸ்.பி. ஆபீஸில் இருக்கிற மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் ஒன்று கொடுத்து, இரண்டுக்கும் ரசீது வாங்கினேன். அதைச் செய்யாதவன் ஒருவன் இருக்கிறான் எங்கள் தெருவில். கோர்ட்டில் கேஸ் போயே போச்சு, போலீஸ் கம்ப்யூட்டரில் இன்னும் ‘விசாரணையில்’ என்றுதான் காட்டுகிறதாம்.

மன்னை மாப்பிள்ளை | சனி, மாலை 5.50

என் கதை வேறு. பங்காளிச் சண்டை. வரப்புத் தகராறு வாய்க்காலில் விழுந்து, 294 பி (கெட்ட வார்த்தை), 323 (அடித்தது), 506 (மிரட்டல்). மாமியார் ஊரில் பஞ்சாயத்துப் பேசிச் சமாதானமும் ஆகிவிட்டது. அப்படியே உள்ளூர்க் கோர்ட்டில் முடிக்கலாம் என்று பார்த்தால், 323-ம் 506 முதல் பகுதியும் ராஜியாகலாமாம், 294 பி அந்தப் பட்டியலில் இல்லையாம். அடித்ததற்கு ராஜி உண்டு, கெட்ட வார்த்தைக்குக் கிடையாது! சென்னைக்குத்தான் போக வேண்டியதாயிற்று.

அங்கே புகார் கொடுத்தவரும் நேரில் வந்து ‘எனக்குச் சம்மதம்’ என்று சொல்ல வேண்டும், ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து இவர்தான் அவர் என்று அடையாளம் காட்ட வேண்டும். என் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மன்னை எக்ஸ்பிரஸில் அவருக்குக் கீழ் பெர்த்தான் வேண்டும் என்றார். ஹோட்டலில் தனி அறை வேண்டும் என்றார். தி.நகர் வரை வந்துவிட்டுச் சித்திக்குப் புடவை எடுக்காமல் போனால் நன்றாகவா இருக்கும் என்றார். வக்கீல் 30,000. சித்தப்பா 11,400. ராஜி என்றால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சும்மா ஒரு சந்தேகம் | சனி, இரவு 8.15

ரத்தான பிறகும் கூகுளில் பெயர் போட்டால் தீர்ப்பு வந்து நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது?

கருப்புக்கோட்டு | சனி, இரவு 9.00

நல்ல கேள்வி, கெட்ட பதில். விடுதலையான ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லிக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2021-ல் மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொல்லி உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. இதை நம்பி யாரும் இப்போதைக்குக் காசு கட்ட வேண்டாம்.

தோப்புவீட்டு அக்கா | ஞாயிறு, காலை 10.30

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். எஃப்.ஐ.ஆர். நம்பர் போட்டால் கோர்ட்டில் ஒன்றுமே வரவில்லை. தம்பி பெயர் போட்டும் பார்த்தேன், இல்லை. ஃபைன் எதுவும் கட்டவில்லை என்று சத்தியம் செய்கிறான். ஆனால் அந்த 23 பேரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேர் இறந்தே போய்விட்டார்கள். போராட்டப் பட்டியலில் எங்கள் ஊர் கேஸ் இருப்பதாகத் தெரியவில்லை.

75,000 கேட்டவருக்கு போன் செய்து, ‘சார்ஜ் ஷீட்டே இல்லையாமே’ என்றேன். ‘அப்படியா, சரி 40 கொடுங்கள்’ என்கிறார்.

சும்மா ஒரு சந்தேகம் | ஞாயிறு, காலை 10.42

பொங்கல் ஆஃபரா?

வராண்டா குமாஸ்தா | ஞாயிறு, காலை 11.20

அக்கா, நேற்றிலிருந்து ஒன்று மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தம்பிக்கு இப்போது 24 என்றீர்கள். சம்பவம் 2018 நவம்பர். ஏழு வருஷம் கழித்துப் பாருங்கள். அன்றைக்கு என்ன வயது? பிறந்த தேதி என்ன?

தோப்புவீட்டு அக்கா | ஞாயிறு, காலை 11.31

2001 ஜூன் 9. அப்போது ப்ளஸ் டூ முடித்திருந்தான். ஐயோ. 17.

எஃப்.ஐ.ஆரில் 19 என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கு யாரும் வயது கேட்கவே இல்லை, ஆளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள் என்கிறான்.

கருப்புக்கோட்டு | ஞாயிறு, மதியம் 12.10

குமாஸ்தா, உங்களுக்கு ஒரு டிகிரி காபி என் கணக்கில்.

அக்கா, நேற்று நான் ‘பெரியவர்களுக்கு’ அப்படிச் சட்டம் இல்லை என்றேன் அல்லவா. 18 நிறையாதவர்களுக்கு இருக்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவு. தண்டனையே கிடைத்திருந்தாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது. சில கொடுங்குற்றங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, அது உங்களுக்கு வராது. காலம் கடந்ததும் அந்தத் தண்டனைப் பதிவுகளை அழிக்கச் சொல்லி உத்தரவும் போடலாம். 74-ஆம் பிரிவில் இன்னொன்று. முடிந்துபோன வழக்கு என்றால், நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் அந்தப் பதிவை வெளியே சொல்லக் கூடாது.

‘முடிந்துபோன’ என்பதுதான் உங்களுக்கு இடிக்கிறது. உங்கள் கேஸ் முடியவில்லை, தூங்குகிறது. அதனால் முதலில் அதை முடிக்க வைக்க வேண்டும். ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. ஆபீஸுக்கும் ஒரே மனு: சம்பவத்தன்று வயது 17, 188-க்கு அதிகாரியின் புகார் இல்லை, மற்றதற்குக் காலக்கெடு தாண்டிவிட்டது, ஆகவே மேல் நடவடிக்கையைக் கைவிட்டு இறுதி அறிக்கையைக் கோர்ட்டில் தாக்கல் செய்யவும். ‘ஆக்‌ஷன் டிராப்டு’ என்று ஸ்டேஷன் பாஷையில் சொல்வார்கள். சட்டப்படி அவன் பங்கு, 18 நிறையாதவர்கள் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகணும், மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. வயதை எந்தக் கட்டத்திலும் கிளப்பலாம், வழக்கு முடிந்த பிறகுகூட.

எஸ்.பி. ஆபீஸில் புதன்கிழமை மனு நாள். நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடும் அனுப்புங்கள். மூன்று, நாலு வாரம் பார்க்கலாம். அசையவில்லை என்றால் மதுரை. அப்போதும் ஃபீஸ் கொடுக்க முடியாவிட்டால் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள், வருமான வரம்புக்குள் இருந்தால் வக்கீல் இலவசம். அப்பா கணக்கெல்லாம் காட்ட வேண்டியிருக்கும். 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

பாஸ்போர்ட் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்குமே? அதற்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள். சார்ஜ் ஷீட் போகவில்லை, எந்தக் கோர்ட்டும் கோப்பில் எடுக்கவில்லை என்று எழுதி, மனு ரசீதை இணையுங்கள். வெறும் எஃப்.ஐ.ஆர். இருப்பதாலேயே கோர்ட்டில் வழக்கு நிலுவை என்று ஆகிவிடாது என்று பல தீர்ப்புகள் இருக்கின்றன.

கதிராமங்கலத்தான் | ஞாயிறு, மதியம் 12.40

மிச்சம் 22 பேருக்கும் சேர்த்து மனுக் கொடுங்கள் அக்கா. வயது சமாசாரம் தம்பிக்கு மட்டும்தான், ஆனால் காலக்கெடு எல்லோருக்கும் பொது. கூட்டமாகப் போனால் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து உட்கார்வார்கள்.

மன்னை மாப்பிள்ளை | ஞாயிறு, மதியம் 1.15

தம்பிக்குப் போலீஸ் வேலை ஆசை இருந்தால் இப்போதே சரி செய்துவிடுங்கள். சீருடைப் பணியாளர் தேர்வில் சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையே ‘வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்று தள்ளுகிற விதி இருக்கிறது. என் மச்சான் எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டி அதில் நின்றான்.

கருப்புக்கோட்டு | ஞாயிறு, மதியம் 1.30

உண்மை. அதைவிட மோசம், விண்ணப்பத்தில் கேட்டும் மறைப்பது. வழக்கு சின்னதாக இருந்திருக்கும், மறைத்ததற்காகவே வேலை போகும். கேள்வியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

தோப்புவீட்டு அக்கா | வியாழன், இரவு 7.50

நேற்று தஞ்சாவூர் போய் வந்தோம். 23-ல் ஒன்பது பேர் கிடைத்தார்கள், வேனில் போனோம். எஸ்.பி. ஆபீஸில் மனு வாங்கி ரசீது கொடுத்தார்கள். ஸ்டேஷன் ரைட்டர் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் மார்க்‌ஷீட்டைப் பார்த்துவிட்டு, ‘நான் அப்போது இங்கே இல்லை’ என்று மட்டும் சொன்னார். இறுதி அறிக்கை போட ஒரு மாதம் ஆகலாமாம்.

கணக்கு கேட்டவர்களுக்கு: வேன் 4,500 (ஒன்பது பேர் பங்கு), டைப்பிங் 300, ஜெராக்ஸ் 140, ஸ்பீட் போஸ்ட் இரண்டுக்கு நூறுக்குள். கத்தார் கம்பெனி ஆறு வாரம் பொறுப்பதாக மெயில் போட்டிருக்கிறது. அதற்குள் வருமா வராதா தெரியாது, வளையல் பீரோவில் இருக்கிறது.

ஒரு சந்தேகம். குழுமத்துக்குப் போனால் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் ஒரிஜினல் கேட்பார்களாம். அப்பா அதை 2017-லேயே லேமினேஷன் பண்ணி வைத்திருக்கிறார். கிழித்துத்தான் எடுக்கணுமா?

வராண்டா குமாஸ்தா | வியாழன், இரவு 8.05

கிழிக்காதீர்கள் அக்கா! அப்படியே கொண்டு போகலாம், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து மூன்று செட் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதிச் சான்றும் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள்.